முக்காட்டுக்குள் மாதா

"மாதாவைத் தூக்கணும்னா என்னையும் கட்டிலோட சேர்த்துத் தூக்கிக்கிட்டுப் போங்க," என்றார் அந்தோனியம்மா.

கிறகரி பெருமூச்சு விட்டார். தபால் கந்தோரில் ஊரையே வரிசையில் நிற்கவைக்கும் மனிதர், இந்த வீட்டில் நாலாவது ஞாயிற்றுக்கிழமையாகக் கைகட்டி நிற்கிறார். பக்கத்தில் றீற்றா ரீச்சர். இருவரும் கோயில் உதவிச் சபைக்காரர்கள். வீட்டோடு முடங்கியவர்களையும், சீசன் வேலைக்கு வந்து தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளில் தங்கும் குடும்பங்களையும் போய்ப் பார்ப்பது அவர்கள் பொறுப்பு.

சபையிடம் ஒரு சின்ன மாதா சுரூபம் உண்டு. வீட்டுக்கு நாலைந்து நாள் என்று அது சுற்றி வரும். முப்பத்து நாலாம் வருஷம், தபசு காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, கண்டி கட்டுகலையில் அந்தோனியம்மா வீட்டுக்கு வந்தது. அந்த ஞாயிறே அது திகனவில் மிளகு பறிக்க வந்திருந்த மதலேனாவின் லயத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்தோனியம்மா விட்டால்தானே?

"அக்கா, அந்தப் பிள்ளைக்கு நிறைமாசம். முந்திப் பிறந்த ரெண்டும் தங்கேல்லை. இந்த முறை மாதா பக்கத்தில இருக்கவேணும் எண்டு அழுது கேட்டவள். நாங்களும் வாக்குக் குடுத்திட்டம்," என்றார் றீற்றா. கண்டிக்கு வந்து எட்டு வருஷமாகியும் அவருடைய யாழ்ப்பாணப் பேச்சு மாறவில்லை.

"இதைத்தான் சுரூபத்தைக் கொண்டாந்த அன்னிக்கே சொன்னியே பிள்ளை. அவளுக்கு ஒரு குறையும் வராது. மாதா பாத்துக்குவாங்க."

"மாதா இங்கே இருந்துக்கிட்டு எப்படிக்கா அங்கே பாக்குறது?" என்றார் கிறகரி.

"ஏன் தம்பி, மாதாவுக்கு திகன வரைக்கும் கண்ணு தெரியாதா?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்ல வேண்டி வரும் என்று கிறகரி வாயை மூடிக்கொண்டார்.

தலைமாட்டு மேசையில், ஊதாத் துணி போர்த்தியபடி அது நின்றது. உயிர்த்த ஞாயிறுக்கு முன், தபசு காலத்தின் கடைசி இரண்டு கிழமைகளில் கோயிலில் எல்லாச் சுரூபங்களையும் இப்படி மூடுவார்கள். அந்தோனியம்மா முதல் கிழமையே மூடிவிட்டார்.

"கோயில்ல இன்னும் மூடேல்லையே அக்கா?" என்று றீற்றா மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"அந்தக் கோயில் முக்காடு அத்தனையும் இருபது வருஷமா தைச்சவ நான். எப்ப மூடணும்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

கால் முறிந்து இரண்டு வருஷமாகக் கட்டிலில் கிடந்தாலும் அவர் நாக்கில் ஒரு முறிவும் இல்லை.

கிறகரி சும்மா இருக்கமாட்டாமல் துணிப் பக்கம் கையை நீட்டினார்.

"தொடாதீங்க! உயிர்த்த ஞாயிறு வரைக்கும் முக்காட்டை எடுக்கப்படாது. வந்ததுக்கு ஒரு செபமாலை சொல்லிட்டுப் போங்க ரெண்டு பேரும்."

ஊதாத் துணிக்கு முன்னால் முழங்காலில் நின்று ஐம்பத்து மூன்று மணியும் சொன்னார்கள். பிறகு றீற்றா காலுக்குத் தைலம் பூசிவிட்டார். மார்க்கட்டில் மீன் என்ன விலை, கோயிலில் யாருக்குக் கலியாண ஓலை வாசித்தார்கள், புதுச் சுவாமியின் பிரசங்கம் ஏன் இவ்வளவு நீளம் என்று அந்தோனியம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. சபைப் பட்டியலில் அவருக்கு எழுதியிருந்ததோ மாதம் ஒரு தடவை, பதினைந்து நிமிஷம்.

புறப்படும்போது கிறகரி தலையைச் சொறிந்தார். "அக்கா, அந்த எலுமிச்சங்காய் ஊறுகாய் கொஞ்சம்... முந்தியெல்லாம் கேக்காமலே தருவீங்க. இப்ப சாடியையே கண்ணுல காட்ட மாட்டேங்கிறீங்க."

"தபசு காலத்துல நாக்கை அடக்குங்க தம்பி. உயிர்த்த ஞாயிறுக்குத் தர்றேன்."

அந்த வெள்ளிக்கிழமை திகன பஸ்காரர் சேதி கொண்டுவந்தார். மதலேனாவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பறிப்பும் முடிந்தது. அடுத்த கிழமை குடும்பம் தெல்தோட்டைக்குத் திரும்புகிறது.

இந்த ஒரு மாதமாக இருவரும் திகனப் பக்கம் தலைகாட்டவே இல்லை. வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? இப்போது வேறு வழியில்லை. சனிக்கிழமை அரிசியும் பிள்ளைச் சட்டையுமாகப் பஸ் ஏறினார்கள்.

மதலேனா கைப்பிள்ளையோடு லயத்து வாசலுக்கு வந்தாள்.

"எங்களை மன்னிச்சிரும்மா," என்றார் கிறகரி, நிலத்தைப் பார்த்தபடி. "சொன்ன சொல்லைக் காப்பாத்த முடியல. கட்டுகலையில ஒரு அக்கா மாதாவைப் பிடிச்ச பிடியை விட மாட்டேங்கிறாங்க."

மதலேனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒதுங்கி வழி விட்டாள்.

உள்ளே, கவிழ்த்த தேயிலைப் பெட்டியின் மேல், செவ்வரத்தம் பூக்களுக்கு நடுவில், முக்காடு இல்லாமல் மாதா நின்றாள்.

"சாம்பல் புதன் கழிஞ்ச மறுநாளே வந்துட்டாங்களே! மிளகு வாங்குற ஜமால்தீன் நானா அந்த அம்மா வீட்டுப் பக்கமாத்தான் வண்டியில வருவாரு. அவரு மடியில வச்சுக் கொண்டாந்தாரு. நிறைமாசக்காரி ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏன் காத்துக் கெடக்கணும்னு சொன்னாங்களாம். உங்க ரெண்டு பேருக்கு மட்டும் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் சொல்லப்படாதாம். கேட்டு வர்ற சாக்குலயாவது ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஆள் வருமாம்."

திரும்பும் பஸ்ஸில் றீற்றா விரல்விட்டு ஞாயிறுகளை எண்ணினார். பாலம் தாண்டியதும்தான் கேட்டார். "அப்ப நாலு கிழமையா நாங்கள் எதுக்கு முன்னால முழங்கால்ல நிண்டனாங்கள், அண்ணை?"

"ஊறுகாய்ச் சாடிக்கு முன்னால," என்றார் கிறகரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்கும் போய் நிப்போம். மாதாவைக் குடுங்கன்னு நல்லாக் கெஞ்சுவோம்."