சுவர்ப்பக்கம்

கட்டிலின் வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் கணவன். இடப்பக்கம் புரண்டால் அறையே சுழன்றதால் மூன்று மாதமாக அமுதவல்லி சுவரைப் பார்த்தே படுத்தாள்; வாந்தியெடுத்துவிடுவாளென்று பயந்து அவனும் தொடவில்லை. காதுக்குள் பொடிக்கல் இடம் மாறியிருக்கிறதென்று சொன்ன டாக்டர், இன்று காலை அதைப் பழைய இடத்துக்கே தள்ள அவள் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, படுக்கவைத்து எழுப்பினார். மதியம் தனியாக இருந்தபோது இடப்பக்கம் புரண்டு பார்த்தாள். மின்விசிறி, பீரோ, எண்ணெய்க்கறை படிந்த அவன் தலையணை, எல்லாம் அசையாமல் இருந்தன. கதவு திறந்தது. சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னும் சுத்துதா?" என்றான், சட்டையைக் கழற்றியபடி.

"சுத்துதுங்க."

"டாக்டருக்குப் போன் பண்ணேன். சரியாயிடுச்சுன்னாரே."

கட்டில் கிறீச்சிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கல் மறுபடி உருண்டுவிடாதா என்று தலையை மெல்ல ஆட்டிப் பார்த்தாள்.