சிவப்பு ரிப்பன்

மலையேறும் குழுவில் நான்தான் மெதுவாக நடப்பவள். எனக்குப் பின்னால் வழிகாட்டி நஞ்சப்பன் மட்டும் வந்தார். இறங்கும்போது வழி தவறாமலிருக்க, பாதை பிரியும் இடங்களில் முன்னால் போனவர்கள் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“எதுக்குங்க அவுக்கறீங்க?”

“காட்டுல குப்பை ஆகாதுங்க அம்மணி.”

“இதே வழியாத்தானே திரும்பணும்?”

“அதான் நான் இருக்கறனுங்களே.”

முன்னால் கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. அடுத்த பிரிவில் ரிப்பனே இல்லை. நஞ்சப்பன் இடப்பக்கம் கை காட்டினார். வளைவில் திரும்பி நான் அவர் கண்ணுக்கு மறைந்ததும், என் தலையிலிருந்த பச்சை ரப்பர் பேண்டைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டிவிட்டு வேகமாக நடந்தேன்.

“அம்மணி, தலைய முடிஞ்சுக்குங்க.”

திரும்பினேன். அவர் நீட்டிய உள்ளங்கையில் அந்தப் பச்சை ரப்பர் பேண்ட் இருந்தது.