நாற்பது நாள் சுளுக்கு

“மேடம், எங்கப்பாவைப் பார்த்துக்க ஆள் கேட்டேனா, இல்ல எங்கப்பாவை வேலை வாங்க ஆள் கேட்டேனா?”

புனேவிலிருந்து தீபலட்சுமி போனில் போட்ட சத்தம் பக்கத்து மேஜைவரைக்கும் கேட்டது.

“என்னாச்சு மேடம்?” என்றாள் ஜான்சி.

“வீட்டுக் கேமராவில பார்த்தேன். நீங்க அனுப்பின அந்த பேபி கையில ஒரு கட்டு போட்டுக்கிட்டு சேர்ல ஜம்முன்னு உக்காந்திருக்கா. அப்பா அவளுக்குப் பூண்டு உரிச்சுத் தரார். பக்கவாதம் வந்த மனுஷன்! அவர்கிட்ட கேட்டா, ‘நீ சும்மா இரும்மா’ங்கிறார். மிரட்டி வெச்சிருக்காளோ என்னவோ! இன்னிக்கே அவளை மாத்துங்க.”

ஜான்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. வயதானவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் நர்ஸ். ஜான்சி அனுப்பும் ஆள்மேல் ஒரு சொல் வராது என்று தாம்பரம் வட்டாரத்தில் பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தப் பெயரில் மண் விழுவதா?

சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டரில் சிட்லபாக்கம் போய் இறங்கினாள்.

கதவு திறந்தே இருந்தது. சாப்பாட்டு மேஜையில் தீபலட்சுமியின் அப்பா சம்பந்தம் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது. நெற்றியெல்லாம் வேர்வை. எதிர் நாற்காலியில், வலது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றியபடி மகாராணி மாதிரி பேபி.

“இன்னும் நல்லா அமுக்குங்க சார். கல்லு மாரி கீது.”

“அமுக்கறேன்ம்மா, அமுக்கறேன்.”

ஜான்சிக்கு வந்ததே கோபம்! பேபியைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

“கையில அடிபட்டா ஆபீசுக்குச் சொல்லணுமா இல்லையா? அவர் பாத்ரூம்ல வழுக்கினா எந்தக் கையால பிடிப்ப? இதுல அவரையே வேலை வேற வாங்குற! பையை எடு. பம்மல்ல உன் வீட்டுக்கு பஸ் ஏறு. நாளைக்கு வேற ஆள் வரும்.”

பேபி பேண்டேஜை மளமளவென்று அவிழ்த்தாள். கீழே இருந்த தண்ணீர் கேனை அதே கையால் தூக்கி மேடைமேல் வைத்தாள்.

ஜான்சி திருதிருவென விழித்தாள். “பின்ன எதுக்குடி இந்த வேஷம்?”

“மெதுவாப் பேசுக்கா, சாருக்குக் கேட்டுரும். வேஷமே அவருக்கோசரம்தான். கைக்குப் பயிற்சி குடுக்க வந்த பிசியோ பந்து குடுத்து அமுக்கச் சொன்னா வீசி அடிச்சிட்டாரு. ‘முப்பத்தாறு வருஷம் ரயில் இன்ஜினைக் கழட்டி மாட்டின கை இது, பாப்பா மாதிரி பந்து விளையாடச் சொல்றியா’ன்னு கத்துனாரு. வலது கைய மடியிலயே வெச்சிகினு குந்திட்டாருக்கா.”

“சரி?”

“ஒரு நாளு எனுக்கு மெய்யாலுமே சுளுக்கிகிச்சு. பூண்டு உரிக்க முடில. ‘கொடும்மா, நான் உரிக்கிறேன்’னு வாங்குனாரு. ஒத்தக் கையால உரிக்க வருமா? தன்னால அந்த வலது கை மேல வந்துச்சுக்கா! எனுக்கு அழுகையே வந்துட்ச்சு.”

“அது எப்போ?”

“நாப்பது நாளாச்சு. சுளுக்கு மூணே நாள்ல பூட்ச்சு. கட்டை அவுக்கத்தான் மனசு வர்ல. மொதல்ல பூண்டு, அப்பால அவரைக்காய், இப்ப மாவு. அவருக்கு நாம ஒத்தாச பண்ணா புடிக்காது, அவரு பண்ணாதான் புடிக்கும். விசயம் தெரிஞ்சா கைய மறுபடி மடியில வெச்சிக்குவாருக்கா.”

ஜான்சியின் பையில் செக்லிஸ்ட் இருந்தது. மாத்திரை வேளாவேளைக்குக் கொடுத்தாளா, நகம் வெட்டினாளா, பாத்ரூம் தரை ஈரமில்லாமல் இருக்கிறதா என்று நாற்பது கேள்வி. இதற்கென்று ஒரு கட்டம் அதில் இல்லை.

“எடுத்துக் கட்டிக்கோ” என்றாள்.

பேபி அவசர அவசரமாகப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டாள். இருவரும் வெளியே வந்தார்கள்.

“சார், ஃபார்ம்ல போன தடவை மாதிரி ஒரு கைநாட்டு...” என்று ஜான்சி மை டப்பாவைத் திறந்தாள்.

சம்பந்தம் அதை ஒதுக்கித் தள்ளினார். “பேனா கொடுங்க.”

வலது கை நடுங்கியது. ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது. ஆனால் முழுசாக வந்தது. க. சம்பந்தம்.

ஜான்சி அதைப் படமெடுத்துப் புனேவுக்கு அனுப்பினாள். அடுத்த நிமிடமே போன். வாசலுக்கு வந்து எடுத்தாள்.

“மேடம்... இது அப்பா போட்டதா? எந்தக் கையால?”

“வலது கையாலதான். எங்க பேபி பார்த்துக்கிட்ட கை!” சொல்லும்போதே ஜான்சியின் தலை நிமிர்ந்தது. மீதிக் கதையையும் சொல்லி முடித்தாள். “ஆளை மாத்திடலாமா மேடம்?”

மறுமுனையில் விசும்பல். “ஐயோ வேணாம். அவங்களை எங்கேயும் அனுப்பிடாதீங்க.”

உள்ளே வந்தபோது பேபி காபி போடப் போயிருந்தாள். சம்பந்தம் சைகை காட்டி ஜான்சியைக் கிட்டே கூப்பிட்டார்.

“கிச்சனுக்குள்ள போகும்போது சுளுக்கு வலது கையில இருந்தது. வெளியே வரும்போது இடது கைக்கு மாறிடுச்சு. இதோட மூணாவது தடவை.”

“அப்ப... உங்களுக்குத் தெரியுமா சார்?”

“உஷ்!” சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “என்னை ஏமாத்தியே குணமாக்கிட்டோம்னு அந்தப் பொண்ணு முகத்துல ஒரு பெருமை தெரியுது பாருங்க. அதுக்காகத்தான் மேடம் தினமும் பிசையறேன்.”