எட்டாவது வார்த்தை

"பத்து வார்த்தையில ஒன்பதுக்கு அர்த்தம் எழுதத் தெரியுது. இந்த எட்டாவது வார்த்தை மட்டும் தெரியலையாக்கும்? யார்கிட்ட கதை விடுற?"

எழில்மதி டீச்சர் விடைத்தாளை மேசையில் வீசிய வேகத்தில் சாக்பீஸ் உருண்டு கீழே விழுந்தது.

பாரதிப்ரியா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கோட்டுச்சேரிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. ஐந்தாம் வகுப்பு.

"தெரியல டீச்சர்."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? பக்கத்து ஊரான பூவத்திலிருந்து இந்தப் பள்ளிக்கு வர ஆரம்பித்து ரெண்டு மாசம்தான் ஆகிறது. வந்த நாளிலிருந்து பிள்ளைகளிடம் ஒரே பாட்டுதான்.

"புரியாத வார்த்தை வந்தா முழிக்காதீங்க. அதுக்கு முன்னாடி என்ன இருக்கு, பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. அர்த்தம் தானா வந்துடும்."

அதை முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவளே இந்த பாரதிப்ரியாதான். போன வாரம் 'மீகாமன்' என்று ஒரு வார்த்தை வந்தது. வகுப்பே விழித்தது. இவள் மட்டும் பட்டென்று எழுந்து, "கப்பல் ஓட்டுறவரு டீச்சர். அடுத்த வரியிலயே சுக்கானைத் திருப்பினான்னு போட்டிருக்கே" என்றாள். டீச்சர் பூரித்துப்போய்க் கைதட்டச் சொன்னாள்.

இந்தத் தேர்வுக்கான கதையை டீச்சரே உட்கார்ந்து எழுதியிருந்தாள். கடலோரப் பிள்ளைகளாயிற்றே, கடல் கதை என்றால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள்.

'புயலில் போன படகு திரும்பவே இல்லை. ஊரார் கூடி அழுதார்கள். அவள் நெற்றிப் பொட்டை அழித்தார்கள். கைம்பெண்ணாகிவிட்ட அவள், மகளோடு தனியாக நின்றாள்.'

கைம்பெண். இதைவிட எப்படித்தான் எடுத்துக் கொடுப்பது? ஆனால் அந்த வார்த்தைக்கு நேரே வெறும் இடம். ரப்பர் தேய்த்த அழுக்கு வேறு.

"டீச்சர், அவங்க அப்பா..." என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"உன்னைக் கேட்டேனா? உக்காரு!"

எப்போதும் சந்தைக்கடையாக இருக்கும் வகுப்பு கப்சிப் என்று ஆகிவிட்டது. தன் அதட்டலுக்குத்தான் அந்த மரியாதை என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

"பேப்பரை எடுத்துட்டுப் போயி அம்மாகிட்ட கையெழுத்து வாங்கு. நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வா."

மறுநாள் மதிய இடைவேளையில் அம்மா வந்தாள். பெயர் வினிதா. மீன் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, குழாயில் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். தலை நிறைய மல்லிகை.

பூ வைக்க நேரமிருக்கு, பிள்ளை படிப்பைப் பார்க்கத்தான் நேரமில்லை என்று டீச்சர் மனசுக்குள் பொருமினாள்.

"பேப்பரைப் பாத்தீங்களா?"

"ஒரு வரி விடாம பாத்தேங்க. நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

"அப்புறம்? வேணும்னே எழுதாம விட்டிருக்கா. கேட்டா கல்லு மாதிரி நிக்கிறா. அவ அப்பாவையும் ஒரு நாள் வரச் சொல்லுங்க."

வினிதா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு போன ஐப்பசியில கடலுக்குப் போனவருங்க டீச்சர். படகு மட்டும்தான் கரைக்கு வந்துச்சு."

டீச்சரின் கண் தன்னையறியாமல் அந்தப் பூவுக்குப் போய்த் திரும்பியது. வினிதா அதைக் கவனித்துவிட்டாள்.

"உடம்பு கிடைக்கலைங்க. காரியம் பண்ணிடலாம்னு ஊர்ல சொல்றாங்க. நான்தான் இப்ப வேணாம்னு நிக்கிறேன். அவரு வரமாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? இவதான் அப்பா வருவாருன்னு நம்பிட்டிருக்கா. நான் பூவை எடுத்துட்டா புள்ள உடைஞ்சு போயிடும். ஊரு என்ன வேணா பேசட்டும். கண்ணாடி முன்னாடி நிக்கவே கூசுது, அவளுக்காகத்தான் தினமும் வச்சுக்கிறேன்."

சட்டென்று டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வார்த்தைக்கு அவளுக்கு அர்த்தம் தெரியல. நல்லதாப் போச்சு. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், சொல்லிக் குடுத்துடாதீங்க. இப்போதைக்குத் தெரியாமயே இருக்கட்டும்."

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாள். முன்னாடி பாரு, பின்னாடி பாருன்னு ஊருக்கெல்லாம் சொன்னோமே, இந்தப் பிள்ளைக்கு முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை விசாரிச்சோமா? அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

வினிதா வெளியே போனதும், அவள் கையெழுத்துப் போட்டுத் தந்த விடைத்தாளை டீச்சர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கைம்பெண்ணுக்கு நேரே, நேற்று அழுக்கு என்று நினைத்த இடத்தில், பென்சில் அழுத்திய தடம் தெரிந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'புருஷன் செத்துப்போனவங்க.'

டீச்சர் உடனே பாரதிப்ரியாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உனக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்கு. எழுதியும் இருக்க. ஏம்மா அழிச்ச?"

பிள்ளை வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அம்மா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் தெருவில் இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். அப்பா வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அம்மா பூ வைக்கிறத விட்டுடுவாங்க."