அவள் ஏன் போகவில்லை

அன்று மழை பெய்ததா, பின்னாளில் நானே சேர்த்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. தொலைக்காட்சியின் நீல வெளிச்சம் மட்டும் நிச்சயம். தொடரின் கடைசிப் பாகம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் பேசிக்கொள்வது தொடர்களைப் பற்றி மட்டும்தான். “சுத்த இழுவை. இவ்வளவு வெறுப்பு இருக்கிறவ அவனை விட்டு முதல்லயே போயிருக்கலாம்ல?” என்கிறார் அப்பா, திரையைப் பார்த்தபடி. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே அம்மா சொல்கிறாள்: “பொண்ணு படிப்பு முடியட்டும்னு இருந்திருப்பா.” அப்பாவின் தங்கை வாய்விட்டுச் சிரிக்கிறாள். “எந்தத் தொடரைப் பாத்தீங்க அண்ணி? அவளுக்குத்தான் பிள்ளையே கிடையாதே!” அம்மாவின் கை என் பள்ளிச் சட்டையின் மேல் அப்படியே நிற்கிறது. அத்தையின் சிரிப்பு பாதியில் அடங்குகிறது. அப்பா ஒலியைக் கூட்டுகிறார். ஏதோ சோப்பு விளம்பரம் அலறுகிறது. அம்மா சட்டையின் காலரை நீவி, மடித்து, என் மடியில் வைக்கிறாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பள்ளி இறுதித் தேர்வில் நான் இரண்டு முறை தோற்றேன், அம்மா காத்திருந்தாள். மூன்றாம் முறை தேறினேன். அந்த மாதமே அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அப்பாவும் அத்தையும் இன்னும் தொடர் பார்க்கிறார்கள்.