தள்ளுபடி மோட்டார்

"நுகர்வோர் சட்டம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா உமக்கு?" என்று கவுண்டரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், கக்கத்தில் ஃபைலோடு வரிசையில் முதலாவதாக நின்ற ஃபைல்காரர். அந்த அதிர்ச்சியில் அவர் கொண்டுவந்திருந்த கெட்டிலின் மூடி தானாகத் திறந்துகொண்டது. வாங்கிய நாளிலிருந்து அது செய்த முதல் வேலை அதுதான்.

கவுண்டருக்குப் பின்னால் மெரூன் டி-ஷர்ட்டில், இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்தபடி மேனேஜர். அவர் தலைக்கு மேல் 'வாடிக்கையாளரே எங்கள் முதலாளி' என்று பெரிய பலகை. முதலாளிகள் எட்டுப் பேர் கையில் டோக்கனோடு பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். போன வாரத் தள்ளுபடியில் முண்டியடித்து அள்ளிக்கொண்டு போனதெல்லாம் இந்த வாரம் அவர்கள் மடியில் இருந்தது. பாடாத ஸ்பீக்கர், சூடாகாத இஸ்திரிப் பெட்டி, சூடு மட்டுமே ஆகிற செல்போன்.

கடைசி நாற்காலியில் தையல்காரம்மா. மடியில், தையல் மெஷினில் மாட்டுகிற மோட்டார். போன வருஷம் ஒரு காண்ட்ராக்டர் மூட்டையாகக் கொண்டுவந்து போட்ட அறுபது பேண்ட்டை மிதித்து மிதித்துத் தைத்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. இனிமேல் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த மோட்டார் ஓடினால்தான் அவருக்குத் தொழில். அதுவோ மூன்றாம் நாளே கொஞ்சம் புகையை விட்டுவிட்டுப் படுத்துவிட்டது.

"விடாதீங்க சார், நல்லாக் கேளுங்க!" என்றார் ஸ்பீக்கர்காரர்.

எல்லாருக்கும் தெம்பு வந்துவிட்டது. படித்த மனிதர் ஒருத்தர் முன்னால் நின்று கத்தினால் போதும், நமக்கெல்லாம் முதுகெலும்பு தானாக முளைத்துவிடும்.

ஃபைலிலிருந்து ஒரு தாள் நழுவி விழ, ஃபைல்காரர் குனிந்து எடுத்தார். தையல்காரம்மாவின் பார்வை அவர் பேண்ட்டின் பின்பாக்கெட்டில் போய் நின்றது. ஆளின் முகத்தைப் பார்க்குமுன் தையலைப் பார்க்கிற கண் அது. பாக்கெட் மூலையில், கிழியாமல் இருக்கக் குட்டியாக ஒரு முக்கோணத் தையல். 'பரவாயில்லையே, நம்மள மாதிரி ஒழுங்கா தைக்கறவங்க இன்னும் இருக்காங்க' என்று சந்தோஷப்பட்டார்.

மேனேஜர் அசரவில்லை. "பெட்டி மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கிழிச்சீங்களா சார்?"

"கிழிக்காம எப்படிய்யா திறக்கறது?"

"கிழிச்சா வாரண்டி கிடையாது. பில்லுக்குப் பின்னாடி பதினாலாவது வரி."

"எறும்பு சைஸ்ல போட்டா எவன் படிப்பான்?"

"படிக்க முடியாதவங்க வாங்கக் கூடாது. அது பதினஞ்சாவது வரி."

ஃபைல்காரர் பில்லைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். இதுவரை கூரை அதிரக் கத்தியவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சட்டப்படி சரியாத்தான் எழுதியிருக்காங்க..." என்று காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷமா கோர்ட்டுல குப்பை கொட்டறேன். எனக்கே இதுல வழி தெரியல. உக்காந்து இடுப்பு வலிச்சதுதான் மிச்சம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

கெட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி வெளியேறினார்.

"வக்கீலுக்கே இந்தக் கதின்னா நாமெல்லாம் எம்மாத்திரம்?" என்று ஸ்பீக்கர்காரர் எழுந்தார். அவர் பின்னாலேயே இஸ்திரிப் பெட்டி போனது, செல்போன் போனது. இரண்டே நிமிஷத்தில் நாற்காலிகள் காலி.

மிஞ்சியது தையல்காரம்மா மட்டும்தான். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. மடக்கிய முழங்கால் அப்படியே பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. வீட்டில் மூட்டையாகக் கிடக்கிற துணியை நினைக்க நினைக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேனேஜர் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். வெறுங்கையோடு போகிறவர்களை வாசல்வரை வந்து வழியனுப்புவதில் அந்தக் கடை ஒரு குறையும் வைத்ததில்லை.

"மெதுவா எந்திரிங்கம்மா. நான் கதவைத் திறந்து விடறேன்" என்று திரும்பினார்.

தையல்காரம்மாவின் கண் மறுபடி அதே உயரத்தில் போய் நின்றது. எழப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேனேஜரின் பின்பாக்கெட் மூலையிலும் அதே முக்கோணத் தையல்.

"பேண்ட் ரொம்ப நல்லா இருக்கே தம்பி. எங்க எடுத்தீங்க?"

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "இதெல்லாம் வெளிய கிடைக்காதும்மா. எங்க கடை யூனிஃபார்ம். ஆர்டர் குடுத்துத் தைச்சது."

"வேற யாரும் கேட்டா குடுப்பீங்களா?"

"சான்ஸே இல்ல. எங்க ஸ்டாஃப் தவிர ஒருத்தரும் இதைப் போட முடியாது. மொத்தமே அறுபதுதான்."

"அறுபதுதான். தைச்சவ நான்தான் தம்பி."

"அட, நம்ம ஆளு!" என்று மேனேஜர் சிரித்தார். "ஆனா தப்பா எடுத்துக்காதீங்கம்மா, மோட்டார் மட்டும் மாத்த முடியாது. நீங்களே பாத்தீங்கல்ல, அவ்வளவு பெரிய வக்கீலே ஒண்ணும் பண்ண முடியாமப் போயிட்டாரு."

தையல்காரம்மா மோட்டாரைத் தூக்கி அவர் கையில் வைத்தார்.

"அந்த வக்கீல் போட்டிருந்ததும் நான் தைச்சதுதான், தம்பி."