கறை சேர்ந்த படகுகள்

முப்பது படகுகளும் துறையில் கட்டிக் கிடந்தன. கம்ப்யூட்டர் திரையோ ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றது.

"எல்லாம் கண்ணு முன்னால ஆடிக்கிட்டு கெடக்கு. ஒன் பொட்டி ஒரேடியா முழுகடிச்சிடுச்சே தம்பி," என்றார் அந்தோணிசாமி. பிச்சாவரத்துப் பக்கம் அந்தத் தனியார் படகுத்துறையை நடத்துகிறவர்.

இளவரசு குனிந்து திரையைப் பார்த்தான். சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துக் குளிக்காமல் பஸ் ஏறியிருந்தான். சட்டையில் இன்னும் ஆலை நாற்றம் இருந்தது.

நேற்றுப் போன படகெல்லாம் வந்துவிட்டதாகத் திரை சொன்னால்தான் இன்றைய டிக்கெட் அச்சாகும். சவாரிக்கு வந்த கூட்டம் வெயிலில் நின்றது. ஒன்பது மணிக்குள் சரியாகாவிட்டால் சென்னைக்காரன் புரோகிராமைப் போட்டுக்கொண்டு இதை அழித்துவிடப் போவதாக அந்தோணிசாமி சொல்லிவிட்டார்.

அழித்தால், கூடப் படித்த மாலதியும் அவனும் கல்லூரி நாளில் இந்தத் துறைக்காகச் சேர்ந்து செய்தது என்று உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது.

கவுண்டரில் இருந்த இலக்கியா நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள். ஓசூரில் இருக்கும் மாலதிக்குத்தான் முதலில் போன் செய்தாளாம். இந்த அடைப்புக்குறியெல்லாம் படிக்கத் தெரிந்த ஆள் கடலூரில் ஒருத்தன் இருக்கிறான் என்று அவள் இவன் நம்பரைக் கொடுத்தாளாம்.

மாலதியோடு பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை.

புரோகிராம் கோப்பைத் திறந்தான்.

குளோஜர். லிஸ்ப் குடும்பத்துக் கணினி மொழி, எதை எழுதினாலும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். சிதம்பரத்தில் படித்தபோது, வகுப்பில் வேறு யாரும் தொடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இருவரும் அதை எடுத்தார்கள்.

ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் எதற்கும் கேள்விக்குறியில் முடியும் பெயர் வைப்பது அந்த மொழிக்காரர்கள் வழக்கம். மாலதி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வந்தாச்சா? கட்டியாச்சா? ஏறிட்டாங்களா? அவள் வாய்விட்டுப் படித்தால் புரோகிராம் மாதிரியே இருக்காது. பஸ் ஸ்டாண்டில் யாரோ யாரையோ விசாரிக்கிற மாதிரி இருக்கும்.

கடைசியில் குவியும் அடைப்புக்குறிகளை விரல்விட்டு எண்ணுவாள். ஏழு மூடினேனா எட்டா என்று கேட்பாள். அவன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வான். ஸ்கேலால் அடிப்பாள்.

ஆங்கில வழியில் படித்தவள், தமிழைக் காதால் எழுதுவாள். கரை என்பதை முதல் நாளே கறை என்று எழுதினாள். அதன் பிறகு எல்லாப் படகும் கறைதான் சேர்ந்தன. எல்லா இடத்திலும் ஒரே தப்பு என்பதால் மெஷினுக்கு அது சரியாகவே இருந்தது.

ஒரே ஒரு நாள் அது காலை வாரிவிட்டது.

வேலை கொடுக்க வந்த கம்பெனிக்காரர்கள் முன்னால் மாலதி தனியாக மேடையில் நின்றாள். திரையில் ஒரு படகுகூடத் திரும்பவில்லை. முதலில் எல்லாருக்கும் நீச்சல் கற்றுக்கொடும்மா என்றார் ஒருவர். கூடம் சிரித்தது. வேலை போயிற்று. சாயங்காலம் வரை அவள் அடைப்புக்குறிகளை எண்ணினாள்.

மறுநாள் காலையில் அது தானாகவே ஓடியது. ஏன் நின்றது, ஏன் ஓடியது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த மாதம் இளவரசு படிப்பை விட்டான். கேட்டவர்களிடம் வீட்டுக் கஷ்டம் என்றான்.

இப்போது அவன் அடைப்புக்குறிகளை எண்ணவில்லை. நேராக வந்தாச்சா? என்ற இடத்துக்குப் போனான்.

அங்கே கரை என்று இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் கறை.

இல்லாத பெயரைச் சொல்லிக் கேட்டாலும் இந்த மொழி சண்டைக்கு வராது. பிழை என்று கத்தாது. இல்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

யார் கை வைத்தது என்று கேட்டான்.

"நான்தாண்ணா. தப்பா இருந்துச்சேன்னு நேத்து சாயங்காலம் மாத்துனேன். அதனாலயா?" என்றாள் இலக்கியா.

சொல்லி முடித்துவிட்டாள். மூச்சுக்கூட வாங்கவில்லை.

அவன் அவளையே பார்த்தான். திட்டப்போகிறான் என்று நினைத்து அவள் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாள்.

ர-வை எடுத்துவிட்டு ற-வைப் போட்டான். முப்பது படகும் ஒரே நொடியில் வந்து சேர்ந்தன. டிக்கெட் மெஷின் கரகரத்தது. சென்னைக்காரன் சென்னையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே அந்தோணிசாமி கூட்டத்தை வரிசைப்படுத்தப் போனார்.

எல்லாவற்றையும் கரை என்றே மாற்றிவிடலாமா என்று இலக்கியா கேட்டாள். வேண்டாம் என்றான். அரைப்புள்ளி போட்டு ஒரு வரி எழுதிவைத்தால் போதும், அதற்குப் பின்னால் இருப்பதை மெஷின் படிக்காது, ஆட்கள் மட்டும்தான் படிப்பார்கள் என்றான்.

இந்த எழுத்தைத் திருத்த வேண்டாம் என்று எழுதினான்.

"சேவ் பண்ணுனா மாலதிக்காவுக்கு மெயில் போயிரும்ணா. யாரு எத மாத்துனாலும் போவும். நேத்து நான் மாத்துனதும் போயிருக்கும்."

அவன் கை நின்றது.

ஓர் எழுத்து. கறை கரையாகிறது, மறுநாள் ஒரு படகும் திரும்பவில்லை. மெயிலைப் பார்த்தவளுக்கு அன்றைக்கு மேடையில் நடந்தது புரிய வேறென்ன வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று காலையில் போனிலேயே இந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம்.

அதைச் சொல்லாமல் இவன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

எழுதிய வரியை அழித்தான். அரைப்புள்ளியை மட்டும் விட்டுவைத்து, அதற்குப் பின்னால் மெதுவாக அடித்தான்.

அன்றைக்கு நீ மேடை ஏறுமுன் இதைக் கரை என்று திருத்தியது நான்தான். மறுநாள் விடியுமுன் திரும்ப மாற்றியதும் நான்தான்.

சேவ் செய்தான்.